கோப்பு 14, கும்பகோணம் (அமெரிக்கப் படையோடு வேலை பார்த்த ஆப்கன்காரர் ஒருவரின் சிறப்புக் குடியேற்ற விசா விண்ணப்பம்)

ஜூன் 12, 2023
மேட்டூர் திறந்தாயிற்று. அவருடைய அமெரிக்க மேலதிகாரி எழுத வேண்டிய பரிந்துரைக் கடிதம் வரவில்லை.

ஜூன் 14
பிறந்த தேதியிலேயே பொழுது போய்விட்டது. தஸ்கிராவில், அதாவது ஆப்கன் அடையாளச் சான்றில், ‘1379-இல் வயது 14’ என்று மட்டும் இருக்கிறது. கழித்தால் 1365. ஆப்கன் வருஷம் மார்ச் 21 வாக்கில் பிறக்கும். ஆக 1365 என்றால் 1986 மார்ச்சிலிருந்து 1987 மார்ச் வரை எந்த நாளும் இருக்கலாம். ஜாதகத்தில் மாதத்தை விட்டுவிட்டு ‘அட்சய வருஷம்’ என்று மட்டும் எழுதினால் நமக்கும் இதே கதிதான். மொழிபெயர்ப்பில் 1986, பாஸ்போர்ட்டில் 1987. எல்லாப் படிவத்திலும் பாஸ்போர்ட்டில் உள்ளதையே போட்டு, வித்தியாசத்துக்குத் தனியாக ஒரு விளக்கக் கடிதம் வைக்க வேண்டும். விட்டுவிட்டால் பின்னணிச் சோதனையில் ஒரே ஆள் இரண்டு பேராகத் தெரிவார்.

ஜூன் 15
ஒற்றைப் பெயர். அது குடும்பப்பெயர்க் கட்டத்துக்குப் போகும், முன்பெயரில் எஃப்.என்.யூ., அதாவது ‘முன்பெயர் தெரியாது’. இனிஷியலை விரிக்கப் படாதபாடு படும் நம் ஜனங்களுக்கு இந்தத் தொல்லை புரியும்.

ஜூன் 27
கடிதம் வந்தது. பத்து வரியும் புகழ்ச்சி. ‘தைரியசாலி, விசுவாசி’ என்பதை வைத்து என்ன செய்ய? எந்தத் தேதியிலிருந்து எதுவரை, எந்த மாகாணம், எந்தப் படைப்பிரிவு, நேரடி மேலதிகாரியா, இவருக்கு என்ன மிரட்டல், இவரால் அமெரிக்காவுக்கு ஆபத்தில்லை என்று நம்புகிறாரா? ஒன்றுமே இல்லை. எழுதியவர் அமெரிக்கக் குடிமகன் என்ற வரிகூட இல்லை. கேள்விகளை வரிசையாகப் போட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

ஜூலை 3
வேலைச் சான்று கொடுத்த கம்பெனி நேரடி ஒப்பந்தக்காரர் இல்லை, உள்குத்தகை. மேல் கம்பெனியின் ஒப்பந்த எண் வேண்டும். பதிவேட்டில் பெயர் ஏறாத குத்தகைக்காரர் உழுததை நிரூபிக்க அலைவது போலத்தான் இதுவும். பேட்ஜ் நகல், சம்பளச் சீட்டு எல்லாம் துணைக்கு. சேவை 2012 மார்ச் 10 முதல் 2013 ஏப்ரல் 9 வரை, 13 மாதம். இந்த விசாவுக்கு, 2021 சட்டத் திருத்தத்துக்கு முன் 2 வருஷ சேவை கேட்டார்கள். இப்போது 1 வருஷம் போதும்.

ஜூலை 4
மருத்துவப் பரிசோதனைக்கு இப்போதே போக வேண்டாம் என்று மறுபடி சொன்னேன். காலாவதியாகிவிடும்.

ஜூலை 19
எல்லாருக்கும் ஒரே மின்னஞ்சல் என்றால் முகவரிகள் மறைநகலில் (பி.சி.சி.) தான். 2021 செப்டம்பரில் பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சகம் பிரிட்டிஷ் படைக்கு வேலை பார்த்த ஆப்கன்காரர்கள் 200-க்கும் மேற்பட்டோரின் முகவரிகளை ஒருவருக்கொருவர் தெரியும்படி அனுப்பிவிட்டது. சிலருடைய படமும் தெரிந்தது. அவர்கள் தலைமறைவாக இருந்தவர்கள்.

ஜூலை 20
கடிதம் இல்லை.

ஆகஸ்ட் 3
ஆடிப்பெருக்கு. படித்துறையில் கால் வைக்க இடமில்லை. கடிதம் இல்லை. மறுத்துவிட்டால் 120 நாளுக்குள் மேல்முறையீடு, அதுவும் ஒரே தடவைதான். இதை அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 5
வந்துவிட்டது. மாகாணம் சரி, குடியுரிமை சரி, கையெழுத்து சரி. சேவை முடிந்த தேதி 2013 மார்ச் 2.