நனைத்து உடைத்த மல்லாட்டை

மல்லாட்டையை, அதாவது நிலக்கடலையை, மில்லில் உடைக்கும் முன் காயின் மேல் தண்ணீர் தெளிக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. ஓடு நனைந்தால் பருப்பு உடையாமல் முழுசாக வரும், எடையும் கொஞ்சம் கூடும். அந்த ஈரத்தோடே சாக்கில் கட்டி அடுக்கினால் நடுச் சாக்கு சூடு பிடிக்கும். அஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் பூசணத்துக்கு அந்தச் சூடும் ஈரமும் போதும்.

அது உண்டாக்கும் அஃப்ளாடாக்சின் கல்லீரலை அரிக்கும் நஞ்சு; புற்றுநோயும் வரும். 1960-ல் இங்கிலாந்தில் லட்சத்துக்கும் மேலான வான்கோழிகள் செத்து விழுந்தபோது, பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கைச் சோதித்துத்தான் இதைக் கண்டுபிடித்தார்கள். 2004-ல் கென்யாவில் பூசணம் பிடித்த மக்காச்சோளம் தின்று 125 பேர் இறந்தார்கள். அவித்தால் இது போகாது. வறுத்தாலும் ஓரளவுதான் குறையும்.

பூசணம் வயலிலேயே ஏறிவிடும். காய் முற்றும் கடைசி 3, 4 வாரம் மண் காய்ந்து சூடேறினால் ஆபத்து அதிகம். தண்ணீர் இருந்தால் அப்போது ஒரு பாசனம் கொடுத்துவிட வேண்டும். மண் அணைக்கும்போது, 40-45-ம் நாளில், ஹெக்டேருக்கு 400 கிலோ ஜிப்சம் இட்டால் ஓடு கெட்டியாகும். களைக்கொத்து பட்ட காய், கறையான் துளைத்த காய் இரண்டையும் அறுவடையிலேயே தனியாக ஒதுக்குங்கள்.

பிடுங்கிய செடியைக் குவியலாகப் போடாதீர்கள். காய் மேலே, இலை கீழே இருக்கும்படி கவிழ்த்துப் பரப்பினால் காற்றுப் புகுந்து சீக்கிரம் காயும். ஈரப்பதம் 8 சதவீதத்துக்குக் கீழே வரவேண்டும். காதருகே குலுக்கினால் பருப்பு கலகலவென்று ஆடணும். ஈரமானி இருந்தால் அதையே நம்புங்கள். மண் தரையில் வேண்டாம், தார்ப்பாயில் காயப்போட்டு, சாயங்காலம் பனி இறங்குமுன் மூடிவிடுங்கள். உடைக்கும் நாள் வரை காயாகவே வைப்பது நல்லது. மூட்டைகளைச் சுவரை ஒட்டாமல் மரக்கட்டை மேல் அடுக்கணும்.

பருப்பைப் பொறுக்கும்போது சுருங்கியது, தோல் கறுத்தது, நிறம் மங்கியது, வண்டு துளைத்தது எல்லாம் கழிவு. நஞ்சில் பெரும்பங்கு இந்தச் சில பருப்புகளில்தான் இருக்கும். அதனால்தான் ஒரு கைப்பிடி எடுத்துச் சோதித்தால் ஒன்றும் தெரியாது. பல மூட்டைகளிலிருந்தும் எடுத்துச் சேர்த்த 20 கிலோவை மொத்தமாக அரைத்துச் சோதிக்கிறார்கள். ஐரோப்பாவில் நேரே தின்னும் கடலைக்குக் கிலோவுக்கு 4 மைக்ரோகிராம்தான் வரம்பு.

கழித்ததைச் செக்குக்கு அனுப்புகிறார்களே, அதுதான் கொடுமை. சுத்திகரிக்காத எண்ணெயில் கொஞ்சம் நஞ்சு தங்கும். மீதி புண்ணாக்கோடு மாட்டுத் தொட்டிக்குப் போய், எம்1 என்ற வடிவில் பாலில் இறங்கிப் பிள்ளைகளின் டம்ளருக்கு வந்துவிடும்.