தோ காயலில் ஆளி ஒட்டினேன்

ஊரின் பெயர் செத். தமிழில் எழுதக் கை கொஞ்சம் கூசத்தான் செய்கிறது. என்ன செய்ய, பிரெஞ்சுக்காரர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். தென்பிரான்சின் மோன்பெலியே நகரத்திலிருந்து ரயிலில் இருபது நிமிடம். ஒரு பக்கம் மத்தியதரைக் கடல், மறுபக்கம் தோ என்ற பெரிய காயல், நடுவில் மணல்திட்டு, ஒரு குன்று, ஊரைக் கூறுபோடும் கால்வாய்கள். மோன்பெலியேயில் படிக்கும் அக்கா மகள்தான் இழுத்துக்கொண்டு போனாள். "ஊர்ல இருந்தா சிப்பி சிப்பின்னு உயிர விடுவீங்கள்லா மாமா, இங்க வந்து பாருங்க" என்றாள்.

சொல்லில் குழப்பம் வராமல் இருக்க ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் குமரிக் கடற்கரையில் சிப்பி என்றால் பாறையில் பிடித்து வளரும் பழுப்பு ஓட்டுச் சிப்பி. முங்கி எடுப்பார்கள், தேங்காய் அரைத்துவிட்டு வைப்பார்கள். ஓடு கல் மாதிரி கரடுமுரடாக இருக்கும் ஆய்ஸ்டர் வேறு. தூத்துக்குடிப் பக்கம் அதை ஆளி என்பார்கள். தோ காயலில் இரண்டையும் வளர்க்கிறார்கள். ஆளிதான் பெரிய தொழில், சிப்பி அதற்குத் துணை.

காயலின் வடகரையில் பூசீக் என்ற சிற்றூர். அதன் பெயரிலேயே ஆளி விற்கிறது. கரையோரம் வரிசையாகக் கொட்டகைகள், ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு தட்டைப் படகு. மருமகளின் கல்லூரித் தோழி ஒருத்தியின் அம்மா அங்கே தொழில் செய்கிறார். தாத்தா காலத்திலிருந்து வரும் தொழில். நாங்கள் போனது ஜூன் கடைசி, காலை ஏழு மணி. ரப்பர் ஏப்ரனும் முழங்கால் பூட்சுமாக வந்து கைகொடுத்தார். அந்தக் கையை நான் மறக்க மாட்டேன். அரம் மாதிரி இருந்தது, நகக்கண்ணில் சிமெண்ட்.

ஆமாம், சிமெண்ட்தான். இங்கே ஆளியைக் கயிற்றில் சிமெண்ட் வைத்து ஒட்டுகிறார்கள். நீளப் பலகையில் கயிற்றைக் கிடத்தி, கையகல இடைவெளியில் மும்மூன்று ஆளியாக வைத்து, சீக்கிரம் இறுகும் சிமெண்டில் ஆளிக்கு ஒரு உருண்டை. ஓட்டின் முதுகு கயிற்றோடு சேர வேண்டும், வாய்ப்பக்கம் வெளியே பார்க்க வேண்டும். எனக்கும் ஒரு கயிறு தந்தார்கள். பதினைந்து நிமிடத்தில் நான்கு கொத்து ஒட்டினேன். அதில் ஒரு ஆளிக்கு வாயையே அடைத்துவிட்டேன். அந்த அம்மா ஒன்றும் சொல்லாமல் அதைப் பிய்த்து எடுத்துத் திருப்பி வைத்தார். அவர் கை போகிற வேகத்தில் எங்கள் ஊர்ப் பெண்கள் வலை பின்னுவது ஞாபகம் வந்தது.

இறுகிய கயிறுகளைப் படகில் ஏற்றிக் காயலுக்குள் போனால் பந்தல்கள். அவர்கள் மேசை என்கிறார்கள், எனக்குப் பந்தலாகத்தான் தெரிந்தது. பழைய தண்டவாள இரும்பைக் காலாக ஊன்றி, மேலே குறுக்குக் கம்புகள் போட்டு, ஐம்பது மீட்டர் நீளத்துக்குத் தண்ணீருக்கு மேல் நிற்கிறது. அதிலிருந்து ஆயிரக்கணக்கில் கயிறு தொங்குகிறது. பந்தலில் புடலங்காய் தொங்குவதை நினைத்துக்கொள்ளுங்கள்; என்ன, இங்கே காய் தண்ணீருக்குள் இருக்கிறது.

ஏன் தொங்கவிட வேண்டும்? மத்தியதரைக் கடலில் ஓதம் கிடையாது என்றே சொல்லிவிடலாம், ஏற்ற இறக்கம் அவ்வளவு குறைவு. பிரான்சின் அட்லாண்டிக் கரையில் ஆளியைப் பையில் போட்டுக் கரையோர மேடைகளில் வைத்துவிடுகிறார்கள். தண்ணீர் ஏறும், வற்றும், ஆளி தினமும் சில மணி நேரம் வெயிலும் காற்றும் பட்டு வாயை இறுக்கிப் பழகும். இங்கே இருபத்து நான்கு மணி நேரமும் தண்ணீருக்குள்ளேயே கிடக்கிறது. ஓயாமல் தின்பதால் சீக்கிரம் பெருக்கிறது. அங்கே ஏறக்குறைய மூன்று வருடம் ஆவது இங்கே ஒன்றரை வருடத்தில் ஆகிவிடும். இதைக் கேட்டதும் "அப்போ நல்லதுதானே" என்றேன். மருமகள் மொழிபெயர்த்தாள். அந்த அம்மா தண்ணீரைக் கையால் அளைந்து காட்டினார். கையில் குளிர்ச்சியே இல்லை. தண்ணீர் கெட்டால் ஓடிப்போக ஆளிக்குக் கால் இல்லை, வெளியே தூக்க ஓதமும் இல்லை.

(காயலின் தென்மேற்கு மூலையில் மார்செயான் என்ற ஊரில் தார்புரியேஷ் குடும்பம் சூரிய மின்சாரத்தில் கயிறுகளை மேலே இழுத்து மறுபடி இறக்கும் ஏற்பாடு செய்திருக்கிறது. செயற்கை ஓதம்! அந்த ஆளி விலையும் மேலேதான் நிற்கிறது.)

பந்தல் காலில் ஒரு நூல் கட்டி அதன் நுனியில் வெப்பமானி போட்டிருந்தார்கள். கொட்டகைச் சுவரில் ஒரு நாட்காட்டி, ஒவ்வொரு கட்டத்திலும் பென்சிலால் ஒரு எண். எல்லாம் தண்ணீரின் டிகிரி. வசந்த காலத்தில் ஒரு நாளைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டிருந்தது. அன்று 16 டிகிரி. அது என்ன திருநாளா என்று கேட்டேன். "வைரஸ் முழிக்கிற நாள்" என்றார்.

2008 கோடையில் பிரான்ஸ் கரை முழுக்க ஆளிக் குஞ்சுகள் செத்து விழுந்தன. ஆளியைத் தாக்கும் ஹெர்பிஸ் வைரஸின் புது வகை அது. தின்பவர்களுக்கு ஒரு கெடுதலும் இல்லை. செத்ததெல்லாம் ஒரு வயது நிரம்பாத குஞ்சுகள். சில பந்தல்களில் பாதி, சிலவற்றில் முக்கால்வாசிக்கு மேல். அன்றிலிருந்து வருடா வருடம் வருகிறது. தண்ணீர் 16 டிகிரியைத் தாண்டியதும் ஆரம்பிக்கும், 24 வரை ஆட்டம் போடும். அதற்கு மேல் சூடேறினால் இந்த வைரஸின் கை தளர்ந்துவிடுகிறது என்பதுதான் வேடிக்கை. இஃப்ரெமேர் என்ற பிரெஞ்சு கடல் ஆய்வு நிறுவனமும் மோன்பெலியே பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சேர்ந்து 2018ல் இன்னொன்றைக் காட்டினார்கள்: வைரஸ் முதலில் ஆளியின் நோய் எதிர்ப்பைப் படுக்கவைக்கிறது, கடைசியில் கொல்வது அதன் பின்னால் நுழையும் பாக்டீரியா. கதவை உடைக்கிறவன் ஒருவன், வீட்டைக் கொள்ளையடிக்கிறவன் இன்னொருவன். இதே வைரஸ் 2016 தொடக்கத்தில் டாஸ்மேனியாவிலும் தலைகாட்டியது. அந்தக் கோடையில் அங்கே கடல் வழக்கத்தைவிட எக்கச்சக்கமாகச் சூடாகியிருந்தது.

இந்த ஆளியும் இந்த மண்ணுடையது அல்ல என்பது எனக்குப் புதுச் செய்தி. ஐரோப்பாவின் சொந்த ஆளி தட்டை வகை. அது நோயில் நொடித்தது. பிறகு போர்த்துக்கீசிய ஆளி என்ற ஒன்றை வளர்த்தார்கள். அதுவும் 1970ஐ ஒட்டி வைரஸில் துடைத்தெடுக்கப்பட்டது. அப்புறம்தான் ஜப்பானிலிருந்தும் கனடாவின் மேற்குக் கரையிலிருந்தும் பசிபிக் ஆளியைக் கொண்டுவந்தார்கள். அந்த அம்மாவின் தாத்தா, அப்பா, இவர் என்று ஒரே கொட்டகையில் வேறு வேறு ஆளிகள். "அடுத்து எது?" என்று நான் கேட்டதை மருமகள் மொழிபெயர்க்கவில்லை. நல்லவேளை.

குஞ்சுக் காலத்தைத் தாண்டினால் அடுத்த கண்டம் ஆகஸ்ட். கோடையில் ஆளி முட்டையும் விந்துமாகப் பால் பிடித்து, எல்லாவற்றையும் தண்ணீரில் விட்டுவிட்டு வெறும் தோலாகக் கிடக்கும். பிள்ளை பெற்ற உடம்பு மாதிரி. அந்த நேரம் பார்த்துத் தண்ணீர் கொதிக்கிறது. சூடு கூடக்கூட ஆளி மூச்சு வாங்குவது கூடும். தண்ணீரோ சூடாக ஆக ஆக்சிஜனைக் குறைவாகத்தான் பிடித்துவைக்கும். வரவு குறைந்து செலவு ஏறும் வீட்டுக் கணக்கு. அதோடு அடியில் அழுகும் பாசியைத் தின்ன பாக்டீரியா கிளம்பி மிச்சம் இருக்கும் ஆக்சிஜனையும் உறிஞ்சிவிடுகிறது. பிறகு அழுகிய முட்டை நாற்றத்தோடு தண்ணீர் பால் கலங்கியது போல வெளுக்கும். உள்ளூர்ப் பழைய மொழியில் இதற்கு மலாயிக் என்று பெயர். கெட்ட தண்ணீர் என்று அர்த்தம். 2003ல் வந்தது, 2006ல் வந்தது, 2018ல் வந்தது.

2018 ஆகஸ்ட் கதையைச் சொல்லும்போது மட்டும் அந்த அம்மா வேலையை நிறுத்தினார். தண்ணீர் 30 டிகிரியை ஒட்டி நாள்கணக்கில் நின்றது. முன்பெல்லாம் மலாயிக் வந்தால் சுற்றுவட்டார ஊர்களின் சாக்கடையைக் கைகாட்டலாம். பல வருடம் செலவழித்துக் காயலைச் சுத்தம் செய்த பிறகு அந்தச் சாக்கும் போய்விட்டது. வெறும் வெயில், அசையாத காற்று. சாவு அடியிலிருந்து மேலே ஏறியது. கயிற்றைத் தூக்கினால் கீழ் முழத்தில் ஆளிகள் வாய் பிளந்து கிடக்கும், மேல் முழத்தில் இன்னும் உயிர் இருக்கும். மறுநாள் அந்தக் கோடு ஒரு சாண் மேலே போயிருக்கும். காயல் முழுவதிலும் ஆளியில் மூன்றில் ஒரு பங்கு, ஏறக்குறைய 2,700 டன் போனது. சிப்பி 1,200 டன் போல. சிப்பியைப் பொறுத்தவரை அதுதான் காயலில் இருந்த மொத்தமும்.

சிப்பிக்கு ஏன் அப்படி? எங்கள் ஊர்ச் சிப்பி வெயில் நாட்டுப் பிள்ளை. இது மத்தியதரைச் சிப்பி, 28 டிகிரிக்கு மேல் தாங்காது. கயிற்றைப் பிடித்திருக்கும் அதன் நார் தளர்ந்து கொத்துக் கொத்தாக அடியில் விழும். விழுந்த இடத்தில் ஆக்சிஜன் இல்லை. ஆளிக்காவது சிமெண்ட் உண்டு.

கொட்டகைக் கூரையில் ஒரு கம்பும் அதில் கிழிந்த துணியும் இருந்தன. ஏதோ கட்சிக் கொடி என்று நினைத்தேன். காற்று பார்க்கிற துணியாம். வடமேற்கிலிருந்து நிலத்தைத் தாண்டி வீசும் காற்றுக்குத் த்ராமோந்தான் என்று பெயர். செத் கடற்கரையில் குடை பிடுங்கிக்கொண்டு போவதும் அதுதான். முந்தைய நாள் மாலை சேன் கிளேர் குன்றின் மேல் என் தொப்பியைக் கொண்டுபோனபோது நானும் நன்றாகத் திட்டியிருந்தேன். காயலைக் கலக்கி அடித்தண்ணீருக்கு மூச்சு கொடுப்பது அந்தக் காற்று. கச்சான், கொண்டல், வாடை, சோழகம் என்று காற்றுக்குப் பேர் வைத்த ஊர்க்காரன் நான். காற்றை மீன் பிடிக்கத்தான் பார்ப்போம். மூழ்கிக் கிடக்கிற உயிருக்கு மூச்சாக இவர்கள் பார்ப்பதைக் கண்டபோது, திட்டியதை மனதுக்குள் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

இப்போது என்ன செய்கிறார்கள்? பெரும்பாலும் நாள் பார்க்கிறார்கள். விற்கிற அளவுக்கு வந்ததை ஜூலைக்குள் எடுத்துவிடுவது. குஞ்சை வெயில் இறங்கிய பிறகு போடுவது. கொஞ்சம் குஞ்சு கூடுதலாகவே வாங்கிப் போட்டுச் சாவதற்கு விட்டுக்கொடுப்பது. முட்டை விடாத மலட்டு ஆளியும் கோடைக்கு வளர்க்கிறார்கள். சிப்பியைக் காயலுக்கு வெளியே, கடலில் ஆழத்தில் வளர்த்துப் பார்த்தவர்கள் உண்டு. அங்கே தொராத் என்ற மீன் ஓட்டோடு கடித்துத் தின்று தீர்க்கிறது. அந்த மீனையும் இதே ஊரில் வறுத்து விற்கிறார்கள், தின்று பழி தீர்த்துக்கொண்டோம்.

மதியம் கரையோரக் கடை ஒன்றில் திராட்சைக் கொடியை எரித்து அதன் மேல் சிப்பியைச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். வாசம் ஆளை இழுத்தது. பெரிய தட்டு வாங்கினோம். பூண்டும் எண்ணெயும் புகையுமாக, எங்கள் அம்மா வைக்கும் சிப்பிக்குக் கிட்டத்தில் வராவிட்டாலும் நன்றாகவே இருந்தது. எந்தப் பந்தலில் எடுத்தது என்று பெருமையாகக் கேட்டேன். பையன் மூட்டையைத் திருப்பிச் சீட்டைக் காட்டினான். இத்தாலி.

ஊர் திரும்பி ஏழு வாரம் ஆகிறது. முந்தாநாள் மருமகள் வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பினாள். கொட்டகைக் கூரை, கம்பு, அதோடு ஒட்டிக் கிடக்கும் துணி. "காத்தே இல்ல மாமா" என்று மட்டும் எழுதியிருந்தாள். ஆளி இருக்கா என்று கேட்டேன். ராத்திரிதான் பதில் வந்தது. ஆளி இருக்காம், கயிற்றைத் தினமும் தூக்கிப் பார்க்கிறார்களாம். சிப்பியை ஜூலையிலேயே எடுத்து வந்த விலைக்குத் தள்ளிவிட்டாராம் அந்த அம்மா. நான் ஒட்டிய நான்கு கொத்தில் ஒன்று அன்றைக்கே கழன்று விழுந்துவிட்டதாம். அதற்கு வெயில் காரணம் இல்லை.