தெரு விழாவும் 1950-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கும்

தெருவாசிகள் ஒன்றுகூடும் விழாவில், ஒவ்வொரு வீட்டு வாசலிலும் அங்கே முன்பு குடியிருந்தவர்களைப் பற்றிய சிறு அட்டை வைக்கலாம் என்று நான்தான் சொன்னேன். ஒரு மாலைப் பொழுதில் முடிந்துவிடும் வேலை என்று அப்போது நினைத்தேன்.

அமெரிக்கக் குடிக்கணக்கின் (மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்) தனிநபர் விவரங்கள் 72 ஆண்டுகளுக்குப் பிறகே பொதுப் பார்வைக்கு வருவதால், 1950-ஆம் ஆண்டுப் படிவங்கள் 2022 ஏப்ரல் 1 அன்றுதான் வெளியாயின. குடியிருந்தவரின் பெயர் தெரியாமல் முகவரியை மட்டும் கையில் வைத்திருப்பவர், தெரு எந்தக் கணக்கெடுப்பு வட்டத்தில் இருந்தது என்பதை முதலில் கண்டுபிடித்து, பின்னர் அவ்வட்டத்தின் கையெழுத்துத் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்ட வேண்டும். கணக்கெடுப்பாளர் தெருவின் இருபுறமும் மாறி மாறிச் செல்லாமல், வீட்டுத் தொகுதியைச் சுற்றியே நடந்திருக்கிறார். ஆகவே எதிரெதிர் வீடுகள் வெவ்வேறு தாள்களில் கிடந்தன. இது புரியவே எனக்கு இரண்டு இரவுகள் பிடித்தன.

ஒரு வீட்டில் குடும்பத்தலைவர், மனைவி, மூன்று பிள்ளைகள் ஆகியோருக்குக் கீழே, தங்கியிருந்த ஒருவரின் பெயரும் இருந்தது. சிலரிடம் மட்டும் கேட்கப்பட்ட வருமானக் கேள்விக்கான விடையும் அதே தாளின் அடியில் இருந்தது. பெயரையும் தொழிலையும் அட்டையில் எழுதினேன், வருமானத்தை விட்டுவிட்டேன்.

1890-க்கும் அட்டை கேட்டார்கள். அந்தப் படிவங்களில் பெரும்பகுதி 1921-இல் நேர்ந்த தீவிபத்தால் அழிந்துபோனதைச் சொல்லி, 1900-இலிருந்து தொடங்குகிறோம்.