பட்டறை பட்டறையாக ஏறி அப்ரண்டிஸ் சேர்த்த கதை

“ஒரு வருசம் நான் சொல்லிக் குடுத்து, பக்கத்துப் பட்டறைக்கு ஆள் ரெடி பண்ணித் தரணுமாக்கும்?”

ஆவாரம்பாளையத்தில் நான் ஏறிய முதல் பட்டறையில் கிடைத்த பதில் இது. கேட்டவர் தான் ஓட்டிக்கொண்டிருந்த லேத்தை, அதாவது கடைசல் மெஷினை, நிறுத்தக்கூட இல்லை. கோயமுத்தூர் மரியாதைக்கு டீ மட்டும் சொன்னார்.

நான் ஒரு பம்ப் கம்பெனியில் டூல் ரூம் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவன். 2022 கடைசியில், எங்கள் ஏரியா பட்டறைக்காரர்கள் கூடிய கூட்டத்தில் ஆள் கிடைக்கவில்லை என்ற புலம்பல் வழக்கம்போல எழுந்தது. ஐடிஐ முடித்த பசங்களை முறைப்படி அப்ரண்டிஸாக, அதாவது ஒப்பந்தம் போட்டு உதவித்தொகையோடு தொழில் பழகுபவர்களாக, எடுக்கலாமே என்று வாயைக் கொடுத்தேன். “அப்போ நீங்களே பாருங்” என்று சொல்லிவிட்டார்கள். ஓய்வு பெற்றவன் சும்மா இருப்பது நம் ஊரில் யாருக்கும் பொறுக்காது.

நான் முதலில் செய்தது தப்பு. 500 நோட்டீஸ் அடித்தேன். தலைப்பில் கொட்டை எழுத்தில் ‘தொழிற்பழகுநர் சட்டம், 1961’. பட்டறைக்காரருக்குச் சட்டம் என்றால் இன்ஸ்பெக்டர், அபராதம், அலைச்சல். பாதிப் பேர் தலைப்போடு மடித்து வைத்துவிட்டார்கள். மீதிப் பேர் படித்துவிட்டுக் கேட்ட கேள்விகளுக்கு என்னிடம் பதில் இல்லை. ஒரு வாரம் உட்கார்ந்து நானே படித்துவிட்டு, இரண்டாம் சுற்று நோட்டீஸ் இல்லாமல் போனேன்.

அவர்கள் கேட்டது பெரும்பாலும் மூன்றுதான். பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. கட்ட வேண்டுமா? வேண்டாம். ஒப்பந்தம் முறைப்படி பதிவாகியிருந்தால் பையன் தொழிலாளி அல்ல, பயிற்சி பெறுபவன் என்றுதான் சட்டத்தின் 18-ஆவது பிரிவு சொல்கிறது. முடிந்ததும் வேலை கொடுத்தே ஆக வேண்டுமா? கட்டாயம் இல்லை. எங்களை மாதிரிச் சின்னவர்கள் எடுத்தே தீர வேண்டுமா? 30 பேரோ அதற்கு மேலோ வைத்திருப்பவர்களுக்குத்தான் கட்டாயம். 4 முதல் 29 பேர் வரை இருந்தால் அவரவர் விருப்பம். எங்கள் பட்டறைகளில் எட்டுப் பேர், பத்துப் பேர்தான். ஒன்றை மட்டும் மறைக்காமல் சொன்னேன்: வேலையில் அடிபட்டால் இழப்பீடு முதலாளி பொறுப்பு. அதைச் சொன்னதால் இரண்டு பேர் விலகிக்கொண்டார்கள். விலகியதும் நல்லதுதான்.

அப்புறம் பணம். 2019-இல் விதிகளைத் திருத்தியபோது ஐடிஐ முடித்தவருக்கு மாத உதவித்தொகை குறைந்தது 7,000 ரூபாய் என்று வைத்தார்கள். அதில் 25 சதவீதம் மத்திய அரசு தந்தது. கணக்குப் போட்டால் 1,750 வரும், ஆனால் உச்ச வரம்பு 1,500. ஆக, பட்டறைக்காரர் கையிலிருந்து 5,500. நான் சுற்றத் தொடங்கியபோது முழுத்தொகையையும் முதலாளி கொடுத்துவிட்டு அரசின் பங்கைப் பின்னால் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. “பின்னாலன்னா எப்பங்?” என்று கேட்டால் நான் என்ன சொல்வது? 2023 ஆகஸ்டில் அந்த 1,500-ஐப் பையனின் வங்கிக் கணக்கிலேயே நேரடியாகப் போடும் முறை வந்தது. எனக்குப் பாதி வாய்வலி குறைந்தது அன்றைக்குத்தான்.

ஆனால் முதல் பட்டறையில் கேட்ட அந்தக் கேள்விக்கு எந்த விதியிலும் பதில் இல்லை. கற்றுக்கொண்டவன் ஓடிப்போவான் என்ற பயம். ஒரு நாள் எரிச்சலில், அவரிடமே திருப்பிக் கேட்டேன்: “நீங்க யார்கிட்டத் தொழில் பழகுனீங்க?” லேத்தை நிறுத்தினார். கணபதியில் ஒரு மேஸ்திரி, விடிகாலையில் போய்ப் பட்டறை கூட்டியது, அளவு பார்க்கும் மைக்ரோமீட்டரைக் கையில் தொடவே ஆறு மாதம் ஆனது என்று அரை மணி நேரம் சொன்னார். அவரிடமிருந்து எப்போது வந்தீர்கள் என்றேன். சிரித்துவிட்டார். மூன்றாம் வருசம் சொல்லாமல் கொள்ளாமல் வந்து, அந்த மேஸ்திரியின் இரண்டு ஆர்டரோடு சொந்தமாக லேத் போட்டவர் அவர். எங்கள் தெருவில் பாதிப் பட்டறை அப்படி ஓடிவந்தவர்கள் போட்டதுதான். அதற்கப்புறம் எந்தப் பட்டறைக்குப் போனாலும் முதல் கேள்வியாக இதையே கேட்டேன். ஒன்பது பேர் சம்மதித்தார்கள்.

பையன்கள் பக்கம் இதைவிடக் கஷ்டம். ஒரு ஐடிஐயில் கடைசி வருச ஃபிட்டர், டர்னர், மெஷினிஸ்ட் மாணவர்களுக்குப் பேசினேன். தேசிய அளவில் தேர்வு, சான்றிதழ் என்று ஆரம்பித்ததும் பின்வரிசையில் கொட்டாவி. ஒரு பையன் எழுந்து, “சார், பைக் இருந்தா சாப்பாடு டெலிவரியிலயே இதைவிட டபுள் வருதுங் சார்” என்றான். உண்மைதான். மறுக்கவில்லை. பெட்ரோல் யார் போடுவது என்று மட்டும் கேட்டேன். வகுப்பு சிரித்தது, ஆனால் அவன் சேரவில்லை.

அப்பாக்கள் கேட்டது ஒன்றே ஒன்று: “போத்தனூர் ரயில்வேக்கு இது உதவுமா?” ரயில்வேயின் கடைநிலைப் பணிகளில் அப்ரண்டிஸ் முடித்தவர்களுக்கு 20 சதவீதம் ஒதுக்கீடு உண்டு. ஆனால் அது ரயில்வே பணிமனைகளில் பழகியவர்களுக்கு. போத்தனூர் சிக்னல் பணிமனையில் இடம் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு அங்கே போங்கள், கிடைக்காவிட்டால் என்னிடம் வாருங்கள் என்றேன். பட்டறைக்காரர்களுக்கு இது பிடிக்கவில்லை. எனக்கு வேறு வழி தெரியவில்லை.

கடைசியில் பேச்சை விட்டுவிட்டு, ஒரு சனிக்கிழமை பெற்றோரையும் பையன்களையும் பட்டறைகளுக்கே கூட்டிப் போனேன். அன்னூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மா, பவர் பிரஸ்ஸைப் பார்த்தபடியே நின்றார். “இதுல கை போயிருமாங்க?” பட்டறைக்காரர் தன் இடது கையை நீட்டினார். ஆள்காட்டி விரலில் நுனி இல்லை. “போகுங்க. எனக்குப் போச்சு. அதுக்கப்புறந்தான் கை உள்ள போகாம இந்தத் தடுப்பு போட்டது. உங்க பையனை ஆறு மாசம் இதுகிட்டயே விடமாட்டேன்.” எனக்கு வயிற்றைக் கலக்கியது. எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அந்த அம்மா அந்தப் பட்டறையில்தான் பையனைச் சேர்ப்பேன் என்று நின்றார்.

டர்னர் படித்த ஒரு பெண்ணும் வந்திருந்தாள். வேலை நன்றாகவே செய்வாள், மார்க்கும் அவளுக்குத்தான் அதிகம். மூன்று முதலாளிகள் தயங்கினார்கள். சுற்றி வளைத்துப் பேசியபின் விஷயம் வெளியே வந்தது: பட்டறையில் பெண்களுக்கு கக்கூஸ் இல்லை. நாலாவது பட்டறைக்காரர் தன் வீட்டோடு ஒட்டியே பட்டறை வைத்திருப்பவர். “வீட்டுல போய்க்கட்டும், என் மருமகளும் கணக்கு எழுத அங்கதான் இருக்குது” என்றார். ஒரு சதுர அடி சிமெண்ட் இல்லாமல் முடிந்தது.

ஆள் கிடைத்த பின்தான் கம்ப்யூட்டர் வேலை: ஒப்பந்தத்தை அரசின் அப்ரண்டிஸ் இணையதளத்தில் பதிய வேண்டும். இதில் நம் தமிழ்நாட்டுக்கே உரிய வில்லன் இனிஷியல். ஆதாரில் அப்பா பெயர் முழுதாக, ஐடிஐ சான்றிதழில் ‘எஸ்.’ என்று மட்டும், வங்கிப் புத்தகத்தில் இனிஷியல் பெயருக்குப் பின்னால். மூன்றும் ஒரே பையன் என்று அந்தத் தளத்துக்குப் புரியவைக்க முடியாது. பதினொரு பேரில் ஆறு பேருக்கு ஆதாரைத் திருத்தத் தனியாக ஒரு நாள் அலைந்தோம். ஆதாரோடு இணைத்த வங்கிக் கணக்கு வேறு வேண்டும். அக்கா கல்யாணத்துக்கு அம்மாவோடு சேர்ந்து தொடங்கிய கணக்கு உதவாது. இதெல்லாம் முடிந்து, முதலாளி ஒப்பந்தத்தை ஏற்றி, பையன் ஓடிபி போட்டு ஒத்துக்கொண்டு, அதிகாரி ஒப்புதல் வர வேண்டும். யாராவது இதைத் தொடங்குவதாக இருந்தால், பேச்சுக்கு முன்னால் பெயரைச் சரிபாருங்கள் என்பேன்.

எல்லாம் நன்றாகவே போகவில்லை. ஒரு பட்டறையில் பையனை வார்ப்பு தூக்கவும், டீ வாங்கவும், மாசக் கடைசியில் இரவு பத்து வரை நிற்கவும் வைத்தார்கள். அப்ரண்டிஸுக்கு முன் ஒப்புதல் இல்லாமல் ஓவர்டைம் கூடாது. இரண்டு தடவை பேசிப் பார்த்தேன், “நாங்க பழகலையா?” என்றார் முதலாளி. நானும் அப்படித்தான் பழகியவன், அதனாலேயே கோபம் வந்தது. ஒப்பந்தத்தை வேறு முதலாளிக்கு மாற்ற 5-ஆவது பிரிவில் வழி இருக்கிறது. ஒப்புதல் வாங்கி மாற்ற ஐந்து வாரம் ஆனது. அந்த ஐந்து வாரமும் பையன் வீட்டில்தான் இருந்தான். அடுத்த சனிக்கிழமைகளில் நான் அந்தத் தெருப் பக்கம் யாரையும் கூட்டிப் போகவில்லை.

வருசம் முடிந்தபோது பதினொரு பேரில் எட்டுப் பேர் தேர்வு எழுதினார்கள். இரண்டு பேர் பாதியில் நின்றார்கள், ஒருவன் துபாய் போனான். நாலு பேர் பழகிய இடத்திலேயே இருக்கிறார்கள், அந்தப் பெண் உட்பட.

முதல் பட்டறைக்காரரின் பையன் மட்டும், அவர் சொன்னபடியே, பக்கத்துப் பட்டறைக்கு 3,000 ரூபாய் கூடுதலுக்குப் போய்விட்டான். திட்டு வாங்கத் தயாராகத்தான் போனேன். டீ சொன்னார். கொஞ்ச நேரம் பேசவில்லை.

“ஏனுங் ஃபோர்மேன்ணா, அடுத்த வருசம் ரெண்டு பேரா அனுப்புங்க. ஒருத்தன் போனாலும் ஒருத்தன் இருப்பான்.”

பெயர், இனிஷியல் எல்லாம் சரியாக இருக்கிற பசங்களாகப் பார்த்து அனுப்புகிறேன் என்றேன்.