நிலவில் இறங்கும் என்ஜினும் அது கிளப்பும் தூசும்: இந்தத் தலைப்பை எடுத்துப் படிக்கப்போகிறவர்களுக்கு

விண்கலம் நிலவில் இறங்கும்போது அதன் என்ஜின் வாயு தரையை என்ன செய்கிறது என்பதுதான் முதுநிலைப் படிப்பில் என் செமினார் தலைப்பு. வாய்மொழித் தேர்விலும் பெரும்பாலான கேள்விகள் அதிலிருந்தே வந்தன. இதே தலைப்பை எடுக்கலாமா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: தாராளமாக எடுங்கள், ஆனால் வண்ண வண்ணமான சிமுலேஷன் படங்களில் தொடங்காதீர்கள். ஒரு தாளும் கால்குலேட்டரும் போதுமான கணக்குகள் இதில் நிறைய இருக்கின்றன. அவற்றைப் போட்டுப் பார்த்தவருக்குத் தேர்வறையில் பயம் இருக்காது.

முதலில் காற்றை மறக்க வேண்டும். ஹெலிகாப்டர் மணலில் இறங்கும்போது தூசு சுழன்று மேகமாக நிற்பதைப் பார்த்துப் பழகிய மனசு, நிலவிலும் அப்படித்தான் என்று எண்ணிக்கொள்ளும். அங்கே தூசைத் தாங்கி நிற்கக் காற்று இல்லை. வாயுத்தாரை தள்ளிவிட்ட ஒவ்வொரு துகளும் தனித்தனி எறிபொருள். என்ஜின் நின்ற சில நொடிகளில் கலத்தைச் சுற்றிப் பார்வை தெளிந்துவிடும். அப்பல்லோ வீரர்கள் பார்த்ததும் மேகத்தை அல்ல, தரையை ஒட்டி வெளிப்புறமாக ஓடும் மெல்லிய தூசுப் படலத்தை. ஆம்ஸ்ட்ராங்கால் அந்தப் படலத்தின் ஊடே பாறைகளைப் பார்க்க முடிந்தது. ஆனால் தூசு ஓடிக்கொண்டே இருந்ததால் கலம் எந்த வேகத்தில் நகர்கிறது என்று கணிப்பது கடினமாக இருந்தது. அப்பல்லோ 15 இறங்கியபோது கடைசிக் கட்டத்தில் தரையே தெரியவில்லை. அந்தக் கலம் ஒரு சிறு பள்ளத்தின் விளிம்பில் சுமார் 11 டிகிரி சாய்ந்து நின்றது.

சரி, கணக்குக்கு வருவோம். துகள்கள் தரையிலிருந்து மிகத் தாழ்வான கோணத்தில், ஏறக்குறைய 1 முதல் 3 டிகிரிக்குள் கிளம்புகின்றன. 3 டிகிரி என்றே வைத்துக்கொள்ளுங்கள். நிலவின் ஈர்ப்பு முடுக்கம் 1.62 மீ/வி². நொடிக்கு 100 மீட்டர் வேகத்தில் போகும் துகள், பள்ளிப் பாடத்தில் வரும் அதே எறிபொருள் சூத்திரப்படி, சுமார் 645 மீட்டர் தள்ளி விழும். வேகத்தை நொடிக்கு 1 கி.மீ. ஆக்கினால் அதே சூத்திரம் 64 கி.மீ. என்று சொல்லும். இங்கேதான் ஒரு நல்ல கேள்வி ஒளிந்திருக்கிறது: தரை தட்டையா? நிலவின் ஆரம் 1737 கி.மீ. தான். வளைவைக் கணக்கில் சேர்த்தால் விடை கிட்டத்தட்ட 100 கி.மீ. ஆகிவிடும். தட்டைத் தரை, வளைந்த தரை இரண்டுக்கும் கணக்குப் போட்டு, எந்த வேகத்தில் இரண்டும் பிரியத் தொடங்குகின்றன என்று பார்த்துவிட்டுப் போங்கள். என்னிடம் அதைத்தான் நேராகக் கேட்டார்கள்.

அதன் தொடர்ச்சியாக விடுபடு வேகமும், அதாவது ஈர்ப்பை மீறி நிலவை விட்டே போகத் தேவையான வேகமும் வரும். நிலவின் விடுபடு வேகம் நொடிக்கு 2.38 கி.மீ. அப்பல்லோ இறங்குகலத்தின் வாயு வெளியேறும் வேகமோ நொடிக்குச் சுமார் 3 கி.மீ. அப்படியானால் தூசு நிலவை விட்டே போய்விடுமா? வாயு வேகமாகத்தான் போகிறது. ஆனால் வெற்றிடத்தில் அது விரிந்துகொண்டே போவதால், துகள் அந்த வேகத்தை எட்டும் முன்பே தள்ளுவதற்குப் போதுமான வாயு இருக்காது. துகள் எவ்வளவு நுண்ணியதோ அவ்வளவு வேகமாகப் போகும் என்பதைச் சேர்த்துச் சொன்னால் விடை முழுமையாகும்.

எல்லோரும் கேட்கும் இன்னொரு கேள்வி, அப்பல்லோ 11-க்கு அடியில் ஏன் பெரிய குழி இல்லை என்பது. நிலவுப் பயணமே பொய் என்பவர்களின் செல்லக் கேள்வி என்பதால் இதை அலட்சியமாகத் தள்ளாதீர்கள், பாடத்தின் மையமே இதில்தான் இருக்கிறது. இறங்கும் நேரத்தில் கலத்தின் நிறை ஏறக்குறைய 7 டன். நிலவில் அதன் எடை 12 கிலோநியூட்டனுக்குள். அதைத் தாங்கினால் போதும் என்பதால், 45 கிலோநியூட்டன் வரை தரக்கூடிய என்ஜின் அப்போது தணிந்துதான் எரிந்துகொண்டிருந்தது. தாரையும் வெற்றிடத்தில் அகலமாக விரிந்துவிடுவதால் தரையில் விழும் அழுத்தம் குறைவு. மேலே சில செ.மீ. தளர்ந்த மண், அதற்குக் கீழே இறுகிய மண். ஆகவே தாரை மண்ணைத் தோண்டவில்லை, மேற்பரப்பை வழித்துக்கொண்டு போனது. நேர் நடுவில் வாயு தேங்கி நிற்பதால் அங்கே சறுக்குத் தகைவு, அதாவது தரையை ஒட்டி உராய்ந்து இழுக்கும் விசை இல்லை. சற்றுத் தள்ளி ஒரு வளையத்தில்தான் அரிப்பு அதிகம். இந்த வளையத்தைக் கரும்பலகையில் வரைந்து காட்டத் தெரிந்திருக்க வேண்டும். கூடவே, கனமான கலங்கள் வரும்போது இதே விடை செல்லுபடியாகாது என்றும் சொல்லுங்கள். அழுத்தம் கூடினால் மண்ணின் தாங்குதிறனே உடையலாம். மண்ணுக்குள் புகுந்த வாயு வெடித்து வெளியேறலாம். அப்போது உண்மையிலேயே குழி விழும்.

சான்று என்று வரும்போது நான் முதலில் நிறுத்துவது சர்வேயர் 3. 1967 ஏப்ரலில் இறங்கிய ஆளில்லாக் கலம் அது. 1969 நவம்பரில் அப்பல்லோ 12 அதிலிருந்து சுமார் 160 மீட்டர் தள்ளி இறங்கியது. அதன் வீரர்கள் கான்ராடும் பீனும் சர்வேயர் வரை நடந்துபோய் அதன் கேமராவையும் வேறு சில பாகங்களையும் வெட்டி எடுத்துவந்தார்கள். இறங்குகலத்தை நோக்கிய பக்கம் மணல் வீசித் தேய்த்தது போல வெளுத்திருந்தது; திருகாணி, கம்பி போன்றவை மறைத்த இடங்களில் மட்டும் பழைய நிறம் நிழல் மாதிரி தங்கியிருந்தது. அந்த நிழல்களின் திசையை நீட்டிப் பார்த்தால் அது இறங்குகலத்தைக் காட்டும். சர்வேயர் ஒரு பள்ளத்துக்குள் இருந்ததால் தூசுத் தாரையின் பெரும்பகுதி அதன் தலைக்கு மேலே போய்விட்டது என்பது இத்துறை ஆய்வாளர் பிலிப் மெட்ஸ்கர் போன்றவர்களின் பிற்கால ஆய்வுகளில் வருகிறது. அதாவது, அதன்மேல் பட்டது ஒரு சிறு பங்குதான்! இந்த ஒரு விஷயத்துக்காகவே நான் இந்தத் தலைப்பை விடாமல் பிடித்துக்கொண்டேன்.

அண்மைய எடுத்துக்காட்டு ஒன்றும் கையில் இருக்கட்டும். 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான் 3-இன் இறங்குகலம் விக்ரம் இறங்கியபோது சுமார் 2.06 டன் மண் 108.4 சதுர மீட்டர் பரப்பில் இடம்பெயர்ந்ததாக இஸ்ரோ அறிவித்தது. சந்திரயான் 2 சுற்றுக்கலத்தின் கேமரா எடுத்த முன், பின் படங்களை ஒப்பிட்டுக் கிடைத்த விடை அது. எண்ணை மனப்பாடம் செய்வதோடு விடாதீர்கள், வகுத்துப் பாருங்கள்: சதுர மீட்டருக்கு 19 கிலோ. மண்ணின் அடர்த்தியை 1.5 கிராம்/செ.மீ³ என்று கொண்டால் சராசரி ஆழம் 1.3 செ.மீ. கூட வராது. இதைச் சொன்னதும் அடுத்து "அந்த அடர்த்தி மேல்மண்ணுக்குப் பொருந்துமா?" என்று கேட்பார்கள். தளர்ந்த மண்ணின் அடர்த்தி இன்னும் குறைவு, ஆகவே ஆழம் சற்றுக் கூடலாம் என்று சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போகலாம்.

கோட்பாட்டில் நேரம் பிடிப்பது நுட்சன் எண்: ஒரு மூலக்கூறு அடுத்த மோதலுக்கு முன் போகும் சராசரித் தூரத்தை, நாம் பார்க்கும் பொருளின் அளவால் வகுத்தால் வருவது. நாசிலின் (என்ஜினின் வாயு வெளியேறும் கூம்பு வாய்) உள்ளே வாயு அடர்த்தியாக இருப்பதால் அதைத் தொடர் ஊடகமாகக் கொண்டு பாய்ம ஓட்டத்துக்கு வழக்கமான நேவியர்-ஸ்டோக்ஸ் சமன்பாடுகளைப் போடலாம். வெளியே வந்து விரிந்த பிறகு மூலக்கூறுகளின் சராசரி மோதலிடைத் தூரம் கலத்தின் அளவோடு போட்டி போடத் தொடங்கும். அங்கே அந்தச் சமன்பாடுகள் கைவிட்டுவிடும். அதற்குத்தான் மூலக்கூறுகளின் ஓட்டத்தையும் மோதலையும் தற்போக்கு எண்களால் கணிக்கும், பேர்ட் உருவாக்கிய நேரடி சிமுலேஷன் மாண்டி கார்லோ முறை. எல்லை எங்கே, இரண்டையும் எப்படி ஒட்டவைக்கிறார்கள் என்ற அளவுக்குத் தெரிந்தால் செமினாருக்குப் போதும். நிரல் எழுதப்போவதில்லை என்றால் அதற்குள் மூழ்க வேண்டாம்.

படிக்கும் வரிசை? அப்பல்லோ இறங்கும் காணொளிகள், சர்வேயர் பாக ஆய்வுகள், அப்புறம் 1960-களின் லெனார்ட் ராபர்ட்ஸ் அரிப்புக் கோட்பாடு, கடைசியில் புதிய சிமுலேஷன்கள். 2025 மார்ச்சில் இறங்கிய ப்ளூ கோஸ்ட் என்ற தனியார் கலத்தில் இருந்த நாசாவின் ஸ்கால்ப்ஸ் கேமராக்கள் தாரை தரையைத் தொடும் தருணத்தை அருகிலிருந்தே படமெடுத்தன. அந்தப் படங்களை அப்பல்லோ காணொளியோடு அடுத்தடுத்துப் பாருங்கள்.

கடைசியாக, "ஒரு தளத்துக்கு அருகில் மீண்டும் மீண்டும் கலங்கள் இறங்கினால் என்ன செய்வீர்கள்?" என்ற கேள்வி அநேகமாக வரும். தூரத்தைக் கூட்டுவோம் என்று மட்டும் சொன்னால் உங்கள் 100 கி.மீ. கணக்கையே எடுத்து உங்களை மடக்குவார்கள். மண்ணை இறுக்கியோ உருக்கியோ இறங்குதளம் அமைப்பது, சுற்றிலும் மண்மேடு எழுப்புவது, என்ஜின்களைக் கலத்தில் உயரமாகப் பொருத்துவது என மூன்றையும் சொல்லி, மண்மேட்டைத் தாண்டும் துகள்கள் எந்தக் கோணத்தில் கிளம்பியவை என்று வரைந்து காட்டுங்கள்.