ஆறாவது நகர்த்தலில் மந்திரியைத் தொடாதீர்கள்

டர்பன், சாட்ஸ்வர்த் பக்கம் பிளிட்ஸ் (வேகச் சதுரங்கம்) ஆடக் கிளம்பும் பிள்ளைகளுக்காக இது. (உங்களுக்கு பிஷப், எனக்கு மந்திரி. பொறுத்துக்கொள்ளுங்கள்.)

வெள்ளை டி4 (எழுத்தும் எண்ணும் கட்டத்தின் பெயர்) என்றதும் கருப்பு இ5 என்று சிப்பாயைச் சும்மா தூக்கிக் கொடுத்தால் அது எங்லண்ட் கேம்பிட். சுவீடன்காரர் ஃபிரிட்ஸ் எங்லண்ட் பெயரில் வழங்குவது. நிதானமான ஆட்டத்தில் இது தேறாது. 3 நிமிடம், நகர்த்தலுக்கு 2 விநாடி கூடுதல் என்று ஓடும் கடிகாரத்தில் மட்டும் இன்றும் ஆளை விழுத்தும்.

2. இ5 சிப்பாயை வெள்ளை வெட்ட, கருப்புக் குதிரை சி6. 3. குதிரை எஃப்3, ராணி இ7. சிப்பாயைக் காக்க 4. மந்திரி எஃப்4 வருகிறது. உடனே ராணி பி4, செக். ராஜா, எஃப்4 மந்திரி, பி2 சிப்பாய் மூன்றுக்கும் ஒரே அடி. இங்கே பதறி சி3 சிப்பாயையோ குதிரையையோ குறுக்கே வைத்தால் மந்திரி போச்சு. 5. மந்திரி டி2 சரி. ராணி பி2 சிப்பாயை வெட்டி, மூலை யானையைப் பார்க்கும்.

இப்போதுதான் கை அரிக்கும். 6. மந்திரி சி3 வைத்தால் ராணியையும் விரட்டலாம், யானையையும் காக்கலாம் என்று தோன்றும். கிணறு வெட்டப் பூதம் புறப்படும் இடம் இதுதான். கருப்பு மந்திரி பி4 வந்ததும் சி3 மந்திரி அந்த மூலைவிட்டக் கோட்டை விட்டு விலக முடியாது. விலகினால் ராஜாவுக்கு செக். 7. ராணி டி2 என்று முட்டுக் கொடுத்தால் கருப்பு சி3-ல் வெட்டும். ராணியால் திருப்பி வெட்டினால் ராணி சி1, மேட். குதிரையால் வெட்டினால் யானை காலி.

சரியான பதில் 6. குதிரை சி3. பி1 காலியானதால் டி1 ராணியே யானைக்குக் காவல். சிப்பாய்க் கணக்கு சமம்தான், ஆனால் கருப்பின் நிலை பரிதாபம்: மந்திரி பி4, 7. யானை பி1, ராணி ஏ3, 8. யானை பி3, ராணி ஏ5. எட்டு நகர்த்தலில் ஐந்து ராணிக்கே செலவு. இ5 சிப்பாய் நிற்பதால் கருப்புக் குதிரைக்கு எஃப்6 கட்டமும் இல்லை. 9. ஏ3 என்று தள்ளுங்கள். கருப்பு சி3 குதிரையை வெட்டினால், பத்தாவதில் மந்திரியால் வெட்டுங்கள். ஆறாவதில் போகத் துடித்த அதே சி3. இப்போது அங்கிருந்து ராணியைத் தாக்கும்.

இத்தனையும் மனதில் நிற்காது என்றால் நான்காவதிலேயே குதிரை சி3. கருப்பு இ5-ஐ வெட்டட்டும். குதிரை டி5-க்குத் தாவினால் இ7 ராணி, சி7 சிப்பாய் இரண்டுக்கும் அடி. ராணி வந்த வழியே டி8-க்குத் திரும்ப வேண்டியதுதான்.