தரைதட்டிய படகுக்கு முதலில் வாங்க வேண்டியது நங்கூரம்

சென்ற தை மாதத்தில் எங்கள் ஃபைபர் படகு கடலூர் துறைமுகத்தின் முகத்துவாரத்தில் மணல்மேட்டின்மீது ஏறி நின்றபோது, இரண்டு டன் இழுக்கும் என்று முத்திரை குத்திய கைவிஞ்ச் (பிடியை ஆட்டி வடத்தை இழுக்கும் கருவி) ஒன்றும், நாலு கொம்பு நங்கூரம் ஒன்றும் எங்களிடம் இருந்தன. நங்கூரத்தை ஆழமான நீரில் போட்டு, அதைப் பிடிமானமாகக் கொண்டு படகை விஞ்சால் இழுக்கப் பார்த்தோம். மச்சான் விஞ்சின் பிடியை ஆட்ட ஆட்டக் கயிறு விறைப்பதும் தளர்வதுமாக இருந்தது. கால் மணி நேரம் கழித்து அவன், “மாமா, படகு அசையல, நங்கூரம்தான் நம்மகிட்ட வந்துகிட்டிருக்கு” என்றான். அன்று பக்கத்து ஊர்ப் படகு ஒன்று வந்துதான் எங்களை மீட்டது. அதன்பின் எதை வாங்குவது என்று ஆறு மாதம் யோசித்து, கையைச் சுட்டுக்கொண்டு, ஒரு முடிவுக்கு வந்ததை இங்கே எழுதுகிறேன்.

எவ்வளவு இழுப்பு தேவை என்பதை முதலில் கணக்கிட வேண்டும். எங்கள் படகு 9 மீட்டர் நீளமும் 1.8 மீட்டர் அகலமும் உடையது. முனை குறுகுவதால் நீர்மட்டத்தில் அது அடைக்கும் பரப்பு ஏறக்குறைய 11 சதுர மீட்டர். தரைதட்டிய பிறகு நீர் 10 சென்டிமீட்டர் வற்றினால், அதுவரை நீர் தாங்கியிருந்த சுமையில் 1.1 டன்னுக்குச் சற்று மேலாக மணலுக்கு மாறிவிடுகிறது. உராய்வு அந்தச் சுமையில் பாதி என்று வைத்துக்கொண்டாலும் 550 கிலோவுக்கு மேல் இழுத்தாக வேண்டும். எஞ்சின், வலை, ஐஸ் பெட்டி எல்லாம் சேர்ந்து இரண்டு டன் வரும் படகு முழுதுமாக மணலில் அமர்ந்துவிட்டால் தேவை ஒரு டன்னை எட்டும்; சேறாக இருந்தால் அது அடியை உறிஞ்சிப் பிடிப்பதால் இன்னும் கூடும். ஆகவே விஞ்சைத் தொடும் முன்னரே வலையையும் ஐஸையும் இறக்கிவிடுவது, எந்த இயந்திரமும் தராத லாபத்தைச் செலவில்லாமல் தருகிறது.

நம் கரையில் ஓதத்தின் ஏற்றவற்றம், அதாவது கடல்மட்டம் அன்றாடம் ஏறி இறங்கும் அளவு, ஒரு மீட்டரைத் தாண்டுவது அரிது என்பதால், அடுத்த ஏற்றம் வந்து தானாகத் தூக்கிவிடும் என்று காத்திருப்பது எப்போதும் பலிப்பதில்லை. அமாவாசை அல்லது பௌர்ணமியை ஒட்டிய உச்ச ஏற்றத்தில் ஏறி நின்ற படகின் நிலை இன்னும் மோசம். அடுத்தடுத்த நாள்களின் ஏற்றம் அந்த மட்டத்தைத் தொடாமல் இறங்கிக்கொண்டே போவதால், இரண்டு வாரம் காத்திருக்க நேரலாம். அதற்குள் அலை படகை உடைத்துவிடும்.

இனி நங்கூரம். கப்பியைக் கோத்து விஞ்சின் பலத்தை இரு மடங்காக்கலாம், நான்கு மடங்கும் ஆக்கலாம். ஆனால் படகுக்குக் கிடைக்கும் இழுப்பு முழுவதையும் மறுமுனையில் ஏதோ ஒன்று தாங்கியே தீர வேண்டும். கடையில் விஞ்சின் டன் கணக்கைப் பார்த்து மயங்கிய நான் இதை எண்ணிப் பார்க்கவில்லை. நாலு கொம்பு நங்கூரம் பாறையிலும், பார் எனும் கடலடித் திட்டிலும் நன்றாக மாட்டும். மணலில் அது உழுதுகொண்டே வரும். மணலுக்கு ஏற்றது, இரண்டு அகலமான தட்டை அலகுகள் அச்சில் மடங்கும் டான்ஃபோர்த் வகை. அமெரிக்கரான ரிச்சர்ட் டான்ஃபோர்த் உருவாக்கிய இந்த நங்கூரத்தை, இரண்டாம் உலகப் போரில் கரையேறும் கப்பல்கள் பின்புறமாகக் கடலில் போட்டுவிட்டு வந்து, அதன் வடத்தை இழுத்தே மணலிலிருந்து தம்மைக் கழற்றிக்கொண்டன. நமக்கு வேண்டிய வேலையும் அதுவேதான்.

உள்ளூர் வெல்டிங் பட்டறையில் ஒன்று செய்வித்தேன். முதலில் செய்தது உதவவில்லை, ஏனெனில் அலகு தண்டோடு 45 பாகை விரியும்படி அமைந்துவிட்டது. அது சேற்றுக்கான கோணம். மணலுக்கு 30 பாகையை ஒட்டி இருந்தால்தான் அலகு வழுக்காமல் உள்ளே இறங்கும். திருத்திய பிறகு, விசைப்படகுகளுக்கான தடைக்காலத்தில் தேவனாம்பட்டினம் கரையோரம் போட்டு இழுத்துப் பார்த்தோம். 15 கிலோ இரும்பு கண்ணுக்குத் தெரியாமல் புதைந்துபோயிற்று.

நங்கூரம் புதைய வேண்டுமானால் இழுப்பு கிடைமட்டமாக இருக்க வேண்டும். அதற்காக ஐந்து மீட்டர் சங்கிலியும், ஆழத்தைப் போல் ஐந்து முதல் ஏழு மடங்கு வடமும் தேவை. நங்கூரத்தை இன்னொரு படகிலோ தெர்மாக்கோல் மிதவையிலோ ஏற்றி, படகு வந்த வழியிலேயே ஆழமான நீருக்குக் கொண்டுபோய் இறக்க வேண்டும். வடம் நைலானாக இருக்கக் கூடாது என்பது என் கருத்து. அது ரப்பர்போல நீண்டு, விஞ்சில் போட்ட உழைப்பையெல்லாம் விழுங்குவதோடு, அறுந்தால் ஆளை அடிக்கும். பாலியெஸ்டர் விலை கூடுதல், ஆனால் அவ்வளவாக நீளாது. எதுவானாலும் நடுவில் நனைந்த கோணிச் சாக்கு ஒன்றைப் போர்த்திவிட்டு, வடத்தின் நேர்க்கோட்டில் யாரும் நிற்காமல் பார்த்துக்கொள்கிறோம்.

விஞ்சைப் பொறுத்தவரை, எங்களிடம் இருந்த பல்சக்கரக் கைவிஞ்சின் குறை பலமின்மை அன்று. அதன் கம்பி மூன்று மீட்டர்தான், அதில் பாதி வடத்தின் தளர்வை எடுப்பதிலேயே தீர்ந்துவிடுகிறது. ஜீப்பில் பூட்டும் 12 வோல்ட் விஞ்ச் முழுச் சுமையில் இருநூறு ஆம்பியருக்கு மேல் கேட்கும், நம் படகில் அதற்கான பேட்டரி ஏது? கடைசியில் சென்னை பாரிமுனைக்குப் போய் டிர்ஃபர் வகையை வாங்கினேன். அதில் உருளை கிடையாது. இரண்டு தாடைகள் மாறி மாறிக் கம்பியைக் கவ்வி இழுத்துப் பின்புறமாகத் தள்ளிவிடுவதால், கம்பி எத்தனை நீளமானாலும் கவலையில்லை. இழுக்கும் திறனில் 800 கிலோ, 1600 கிலோ, 3200 கிலோ என்று வருகின்றன. முதலாவது என் கணக்குக்குப் போதாது, மூன்றாவதைப் படகில் தூக்கித் திரிய முடியாது. நடுவிலுள்ளதே சுமார் 18 கிலோ எடை, கம்பி தனி. ஒரு தள்ளலுக்குச் சில சென்டிமீட்டர்தான் நகரும் என்றாலும், ஒவ்வோர் அலையும் படகைச் சற்றே தூக்கும் கணத்தில் அந்தச் சில சென்டிமீட்டரை அது விடாமல் பிடித்துக்கொள்கிறது. சுமை மிகுந்தால் பிடியிலுள்ள மெல்லிய ஊசிகள் முறிந்து எச்சரிக்கும். மச்சான் அவற்றுக்குப் பதிலாக ஆணி செருகப் பார்த்தான்; தடுத்துவிட்டேன்.

படகில் எதில் கட்டுவது என்பதில் மட்டும் இன்னும் திருப்தியில்லை. முனையிலுள்ள வளையம் ஃபைபரோடு பிய்ந்து வந்துவிடும். எஞ்சின் மாட்டும் பலகையும் அப்படியே. இப்போதைக்குப் பட்டைக் கயிற்றால் படகின் உடலையே சுற்றி வளையமாகக் கட்டி, விளிம்பு நசுங்காமல் பழைய டயர்த் துண்டுகளைச் செருகுகிறோம். ஒவ்வொரு முறையும் கம்பியை நன்னீரில் கழுவி எண்ணெய் தடவும் வேலையை மச்சானின் தலையில் கட்டியிருக்கிறேன்.